சக்கரத்தில் தெளிப்பதும் தொடையில் போடுவதும்: வைரஸுக்கு எதிரான இரண்டு வேறு வழிகள்

ஆலப்புழை, கோட்டயம் பக்கத்தில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்ற செய்தி வந்துவிட்டால், கோவை மாவட்ட எல்லையில் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற சோதனைச் சாவடிகளில் கால்நடை பராமரிப்புத் துறையினர் தெளிப்பானும் கையுமாக நின்றுவிடுவார்கள். பல்லடத்துக் கறிக்கோழிகளையும் நாமக்கல் முட்டைகளையும் கேரளத்தில் இறக்கிவிட்டு வெறுங்கூண்டுகளுடன் திரும்பும் வண்டிகளின் சக்கரங்களும் அடிப்பாகமும் நனைய நனைய மருந்து அடிக்கப்பட்ட பிறகே அவை உள்ளே விடப்படும். அதே வாரப் புதன்கிழமையில், அந்தச் சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள துணை சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியர் ஐஸ் பெட்டியைத் திறந்து கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருப்பார். இரண்டுமே வைரஸுக்கு எதிரான ஏற்பாடுகள்தான் என்பதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன என்று நம்மில் பலரும் எண்ணிக்கொள்கிறோம். சக்கரத்தில் அடித்தவுடன் செத்துப்போகும் வைரஸை உடம்புக்குள்ளும் அப்படியே அடித்துக் கொல்ல முடியாதா என்ற கேள்வியும், தடுப்பூசிதான் இருக்கிறதே, பிறகு பிளீச்சிங் பவுடர் எதற்கு என்ற கேள்வியும் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

உண்மையில் இவை இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு. கிருமிநாசினி வைரஸின்மேல் வேலை செய்கிறது. தடுப்பூசியோ, நாளை நம்மைத் தாக்க வரப்போகும் வைரஸைத் தொடுவதே இல்லை. அது நம் உடலின்மேல் வேலை செய்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எதை எங்கே பயன்படுத்துவது, எதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, எது எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பனவெல்லாம் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

வைரஸ் என்பது பாக்டீரியாவைப் போல உண்டு, வளர்ந்து, பிளந்து பெருகும் உயிர் அன்று. டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ என்னும் மரபுப்பொருளின் ஒரு சிறு இழை, அதைச் சுற்றிப் புரதத்தால் ஆன ஒரு கூடு, அவ்வளவுதான் அதன் அடிப்படை அமைப்பு. சில வகை வைரஸ்களுக்கு அந்தக் கூட்டுக்கு வெளியே கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்றும் இருக்கும். பறவைக் காய்ச்சல், கொரோனா, தட்டம்மை, வெறிநாய்க்கடி, நிபா ஆகியவற்றின் வைரஸ்கள் உறை உள்ளவை. போலியோ, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ, வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ, மாடுகளின் கோமாரி ஆகியவற்றின் வைரஸ்கள் உறை இல்லாதவை. எந்த வைரஸாக இருந்தாலும் ஓர் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். செல்லுக்கு வெளியே, லாரிச் சக்கரத்திலோ கதவின் கைப்பிடியிலோ, அது பெருகுவதும் இல்லை, உண்பதும் இல்லை. குலையாமல் காத்துக் கிடக்க மட்டுமே அதனால் முடியும். ஆகவே வைரஸை "கொல்வது" என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது, மறுபடியும் ஒரு செல்லுக்குள் நுழைய முடியாதபடி அதன் அமைப்பைக் குலைத்துவிடுவதைத்தான்.

கிருமிநாசினிகள் அனைத்தும் இந்தக் குலைக்கும் வேலையைத்தான் வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் தலையில் வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் பிசுக்கு போகாது, சீயக்காய் அரைப்பைத் தேய்த்தவுடன் போய்விடும் என்பது நம் வீடுகளில் அறிந்ததே. சீயக்காயிலும் சோப்பிலும் உள்ள மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் சேரும் இயல்பு உண்டு. எண்ணெயை விரும்பும் முனைகள் வைரஸின் கொழுப்பு உறைக்குள் செருகிக்கொண்டு அதைக் கிழித்துத் துண்டு துண்டாகத் தண்ணீரோடு இழுத்துச் சென்றுவிடுகின்றன. உறை போன வைரஸால் செல்லைப் பற்றிக்கொள்ள முடியாது, ஏனெனில் செல்லைப் பற்றும் புரதக் கொக்கிகள் அந்த உறையில்தான் நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. இருபது நொடிகள் கை கழுவச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கிழிக்கும் வேலைக்கும், கையின் மடிப்புகளுக்குள் சோப்பு போய்ச் சேர்வதற்கும் அவ்வளவு நேரமாவது பிடிக்கும் என்பதே.

சானிடைசரில் உள்ள ஆல்கஹால் கொழுப்பைக் கரைப்பதோடு புரதத்தின் மடிப்புகளையும் அவிழ்த்துவிடுகிறது. ஆனால் புரதம் அவ்வாறு அவிழ்வதற்குத் தண்ணீரும் வேண்டும். கலப்பில்லாத ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடும். புரதத்தையும் சரியாகக் குலைக்காது. அதனால்தான் 60 முதல் 80 விழுக்காடு வரை ஆல்கஹாலும் மீதி தண்ணீருமாக உள்ள கலவை, சுத்தமான ஆல்கஹாலைவிட நன்றாக வேலை செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கைத்தேய்ப்புக் கலவைகளில் ஒன்றில் எத்தனால் 80 விழுக்காடு. வீரியம் கூடினால் பலன் கூடும் என்ற நம் பொதுவான நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது.

உறையில்லாத வைரஸ்களிடம் சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் அதே பலம் இல்லை. கிழிப்பதற்குக் கொழுப்பு உறையே இல்லாதபோது, இறுக்கமாக அடுக்கப்பட்ட புரதக் கூடு மட்டுமே எதிரே நிற்கிறது. கேட்கும்போது வியப்பாக இருக்கலாம், ஆனால் உறையில்லாமல் இருப்பதுதான் வெளியுலகில் தாக்குப்பிடிக்கக் கூடிய உறுதியான நிலை. போலியோ, ஹெபடைட்டிஸ் ஏ போன்றவை வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் கடந்து குடலை அடைந்து, மலத்தில் வெளியேறி, கிணற்று நீரில் கிடந்து, மறுபடி இன்னொருவரின் வாய்க்குப் போகக் கூடியவை என்பதற்கு இந்த உறுதியே காரணம். இவை கையில் ஒட்டியிருந்தால் சானிடைசரை நம்பி இருந்துவிடக் கூடாது. சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். அங்கே சோப்பு வைரஸைக் குலைக்காவிட்டாலும், அழுக்கோடும் பிசுக்கோடும் சேர்த்துக் கையிலிருந்து கழற்றி அனுப்பிவிடுகிறது.

இதற்கு நம் பகுதியிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு மாடுகள் போவது காலங்காலமாக நடந்துவரும் வணிகம். அந்த மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டு கோமாரி வந்துவிட்டால், கட்டுத்தறியைச் சோப்பு நீர் ஊற்றிக் கழுவியதோடு நின்றுவிடுவது போதாது. கோமாரி வைரஸ் உறையில்லாதது. ஆனால் புளிப்புக்கும் காரத்துக்கும் மிகவும் அஞ்சக் கூடியது. அமிலத்தன்மை சற்றுக் கூடினாலும், காரத்தன்மை ஓரளவுக்கு மேல் உயர்ந்தாலும் அதன் புரதக் கூடு பொலபொலவென்று பிரிந்துவிடும். ஆகவே கால்நடை மருத்துவர்கள் 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ என்ற கணக்கில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் சலவைச் சோடா, விலையுயர்ந்த சானிடைசரை இந்த ஒரு வைரஸ் விஷயத்தில் விஞ்சிவிடுகிறது. எந்தக் கிருமிநாசினி நல்லது என்ற கேள்விக்கு, எந்த வைரஸுக்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல இயலாது.

குளோரின் சார்ந்த பிளீச்சிங் பவுடரும் ஹைப்போகுளோரைட் திரவமும் இந்தப் பாகுபாட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அவை தண்ணீரில் உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் புரதம், கொழுப்பு, மரபுப்பொருள் எல்லாவற்றையும் ஆக்சிஜனேற்றத்தால் சிதைத்துவிடும் என்பதால், உறை உள்ளதும் இல்லாததும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. கேரளத்தில் மஞ்சள் காமாலை பரவும் காலங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதைக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழர்கள் பார்த்திருப்பார்கள். 1000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், அதன்பின் ஒரு மணி நேரம் காத்திருப்பு என்பது வழக்கமான அளவு. நோய் பரவும்போது இது கூட்டப்படும். தரை, மேசை போன்ற பரப்புகளுக்கு 0.1 விழுக்காடு குளோரின் கரைசல் போதும். இரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்துக்கு 0.5 விழுக்காடு வேண்டும்.

இரத்தத்துக்கு மட்டும் ஏன் ஐந்து மடங்கு என்றால், குளோரின் வைரஸைத் தேடிப் போய்த் தாக்குவதில்லை. எதிர்ப்படும் எல்லாவற்றோடும் வினைபுரிகிறது. சாணம், கோழி எச்சம், இரத்தம், மண் என எது முதலில் கிடைத்தாலும் அதன்மீது தன் வலுவைச் செலவழித்துவிட்டு, அழுக்குக்குள் பத்திரமாக இருக்கும் வைரஸை அடையும் முன்பே தீர்ந்துபோகிறது. எனவே முதலில் அழுக்கை நீக்கிக் கழுவு, பிறகு மருந்து தெளி என்பதுதான் சரியான வரிசை. சேறு அப்பிய சக்கரத்தின்மேல் ஓடுகிற வண்டியில் இரண்டு பீய்ச்சல் பீய்ச்சிவிட்டு அனுப்பும் காட்சியைப் பார்க்கும்போது, அதில் பாதி மன நிறைவுக்காகவே செய்யப்படுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கிருமிநாசினி எதுவாயினும் குறிப்பிட்ட நேரம் ஈரமாக இருந்தாக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: குளோரின் கரைசலைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் என்று செய்துவிட்டு மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். இவ்வளவு திறமையாக வைரஸைக் குலைக்கும் பொருளை உடலுக்குள் ஏன் செலுத்தக் கூடாது? விடை வைரஸின் உறை எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. வைரஸுக்குக் கொழுப்பைத் தயாரிக்கத் தெரியாது. தான் பெருகிய செல்லிலிருந்து வெளியேறும்போது, அந்தச் செல்லின் சவ்விலேயே ஒரு பகுதியைப் போர்த்திக்கொண்டுதான் அது வெளிவருகிறது. வைரஸின் உறையைக் கரைக்கும் எதுவும் நம் செல்லின் சவ்வையும் கரைக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை. வைரஸின் புரதமும் நம் புரதமும் ஒரே அமினோ அமிலங்களால் ஆனவை. ஆல்கஹாலுக்கும் குளோரினுக்கும் அவற்றிடையே வேறுபாடு தெரியாது. கையில் சானிடைசர் தேய்த்தும் நாம் பிழைத்திருப்பது, தோலின் மேலடுக்கு ஏற்கெனவே இறந்துபோன செல்களால் ஆனது என்பதால்தான். கண், மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. அத்துடன், வைரஸ் ஒரு முறை செல்லுக்குள் போய்விட்டால், செல்லைச் சிதைக்காமல் அதை வெளியிலிருந்து சிதைக்கக் கிருமிநாசினியால் முடியவே முடியாது.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தை வாயிலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டு, மக்கள் அதன் வழியே நனைந்து நடந்து சென்றார்கள். பிற ஊர்களும் அதைப் பின்பற்றின. அந்த மாதம் 18ஆம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றும், அது உடலுக்கும் மனத்துக்கும் தீங்கு தரும் என்றும் அறிவுறுத்தியது. நோயுற்றவரின் தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கும் வைரஸைச் சட்டைமேல் படும் தூறல் என்ன செய்துவிடும்? சக்கரத்துக்குப் பொருந்தியது மனிதனுக்குப் பொருந்தாது என்பதை நாடே சேர்ந்து கற்றுக்கொண்ட நாள்கள் அவை.

உடலுக்குள் வைரஸையும் நம் செல்லையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்த ஒன்று வேண்டும். அது நம் உடலிலேயே இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு தனி வடிவத்தை மட்டும் பற்றக் கூடிய ஏற்பியுடன் பிறக்கிறது. புதிய வைரஸ் ஒன்று வரும்போது, அதன் மேற்பரப்புப் புரதத்தோடு தற்செயலாகப் பொருந்தும் ஏற்பி கொண்ட மிகச் சில பி செல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பெருகி, அந்த வடிவத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. எதிர்ப்பொருள் வைரஸின் கொக்கிகளில் ஒட்டிக்கொண்டால், அது செல்லைப் பற்ற முடியாமல் போகிறது. வைரஸ் புகுந்துவிட்ட செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் வேலையை டி செல்களில் ஒரு வகை ஏற்கிறது. கிருமிநாசினியால் இயலாத அந்த இடத்தில், தொற்றிய செல்லை மட்டும் தேர்ந்து அழிப்பது இவற்றின் தனித்திறன்.

ஆனால் பொருந்தும் செல்லைத் தேடிக் கண்டுபிடித்துப் பெருக்கி எடுப்பதற்கு உடலுக்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். வேகமாகப் பெருகும் வைரஸ் அந்த இடைவெளியில்தான் நம்மை வீழ்த்துகிறது. தடுப்பூசி செய்வது, நோயை உண்டாக்காமலே அந்தத் தேடலை முன்கூட்டியே முடித்து வைப்பது. வேலை முடிந்தபின் பெரும்பாலான செல்கள் மடிந்துவிட்டாலும், நினைவுச் செல்கள் எனப்படும் சில செல்கள் மட்டும் பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. பின்னாளில் உண்மையான வைரஸ் வரும்போது தேட வேண்டியதில்லை. சில நாள்களிலேயே எதிர்ப்பொருள் பெருகிவிடும். இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்று போடுவது, நினைவுச் செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும், இன்னும் இறுகப் பற்றும் எதிர்ப்பொருள்களைத் தேர்ந்தெடுக்கச் செய்வதற்கும்தான்.

உடலுக்குக் காட்ட வேண்டிய அந்த வைரஸ் வடிவத்தைப் பல வழிகளில் தயாரிக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசியிலும் போலியோ சொட்டு மருந்திலும் இருப்பவை வலுவிழக்கச் செய்யப்பட்ட, ஆனால் பெருகக் கூடிய வைரஸ்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் இருப்பது அந்த வைரஸின் ஒரு புரதம் மட்டும். கோவிஷீல்டு, வேறொரு தீங்கற்ற வைரஸின் வழியே கொரோனாவின் கொக்கிப் புரதத்துக்கான குறிப்பைச் செல்லுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தது. கோவாக்சினிலும் இன்றைய வெறிநாய்க்கடித் தடுப்பூசியிலும் இருப்பவை பெருகும் திறன் அழிக்கப்பட்ட முழு வைரஸ்கள்.

இந்தக் கடைசி வகையில்தான் நம் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வைரஸின் பெருகும் திறனை எதைக் கொண்டு அழித்தார்கள்? 1955இல் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி உரிமம் பெற்றபோது அதற்குப் பயன்பட்டது ஃபார்மலின். ஆய்வகங்களில் உடல்களைக் கெடாமல் வைப்பதற்கும், அறைகளைக் கிருமி நீக்கம் செய்வதற்கும் பயன்படும் அதே ஃபார்மலின்தான். அதற்கும் முன்பு, டேவிட் செம்பிள் வகுத்த முறைப்படி ஆட்டு மூளையில் வளர்த்த வெறிநாய்க்கடி வைரஸைச் செயலிழக்கச் செய்யப் பயன்பட்டது கார்பாலிக் அமிலம் எனப்படும் ஃபீனால். நம் வீட்டுத் தரை துடைக்கும் ஃபினாயிலின் உறவுக்காரப் பொருள். நீலகிரியில் 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆட்டு மூளைத் தடுப்பூசி பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. நாய் கடித்தால் வயிற்றில் நாள்தோறும் ஊசி என்று பெரியவர்கள் இன்னமும் அச்சத்தோடு நினைவுகூர்வது அந்த வகைத் தடுப்பூசியைத்தான். 2004-2005 வாக்கில் இந்தியாவில் அது முற்றிலும் கைவிடப்பட்டு, செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசிகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

கிருமிநாசினியைக் கொண்டே தடுப்பூசி தயாரிக்கலாம் என்றால், இரண்டுக்கும் வேறுபாடு எங்கே என்று கேட்கலாம். வேறுபாடு அளவிலும் நோக்கத்திலும் இருக்கிறது. தரையைக் கழுவும்போது வைரஸின் வடிவம் என்னவானாலும் நமக்குக் கவலையில்லை. உருத்தெரியாமல் சிதைந்தால் மிகவும் நல்லது. தடுப்பூசி தயாரிக்கும்போது அதன் மேற்பரப்பு வடிவம் சிதையாமல் இருந்தாக வேண்டும், ஏனெனில் உடல் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வடிவத்தைத்தான். வடிவம் நிற்க வேண்டும், பெருகும் திறன் மட்டும் ஒழிய வேண்டும். மிக நீர்த்த ஃபார்மலினில், உடல் வெப்பநிலையில், பல நாள்கள் வைத்திருந்து அந்த மெல்லிய கோட்டில் நடந்து தயாரிக்கப்பட்டதுதான் சால்க் தடுப்பூசி. அந்தக் கோட்டிலிருந்து சறுக்கியதன் விளைவை அதே 1955இல் அமெரிக்கா கண்டது. கட்டர் என்னும் நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுமையாகச் செயலிழக்காமல் போனதால் ஏறத்தாழ 40,000 குழந்தைகளுக்கு இலேசான நோயும், சுமார் 200 பேருக்கு வாதமும் உண்டாகி, 10 பேர் இறந்தனர். சரியாக வடிகட்டப்படாத செல் துணுக்குகளுக்குள் சில வைரஸ்கள் ஒளிந்துகொண்டதால் ஃபார்மலின் அவற்றை எட்டவில்லை என்பது கண்டறியப்பட்ட காரணங்களில் முதன்மையானது. சேறு அப்பிய சக்கரத்தில் குளோரின் தோற்பதற்கும் இதற்கும் வேதியியலில் பெரிய தூரம் இல்லை. தடுப்பூசியின் ஒவ்வொரு தொகுதியையும் வெளியிடும் முன் உயிருள்ள வைரஸ் எஞ்சியிருக்கிறதா என்று சோதிக்கும் விதிகள் அதன் பிறகு கடுமையாக்கப்பட்டன.

வடிவத்தைப் பற்றிய இந்தச் செய்தியிலிருந்து இன்னொன்றும் விளங்கும். புளூ வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால் அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருக்கிறது. கோமாரியிலும் ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று வகைகளுக்கும் சேர்த்தே இந்தியாவில் தடுப்பூசி தயாராகிறது, ஒன்றுக்குப் போட்டது மற்றொன்றைக் காக்காது என்பதால். மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் போடச் சொல்வது அதன் காப்பு நீண்ட காலம் நிற்பதில்லை என்பதனால். சோப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கொரோனாவின் எந்தத் திரிபு வந்தாலும் அதன் உறை கொழுப்புதான்; எந்தத் திரிபையும் சோப்பு ஒன்றுபோலவே கிழிக்கும். மறுபுறம், சோப்பின் காவல் கை உலர்ந்தவுடன் முடிந்துவிடும். அடுத்த கதவைத் தொட்ட நொடியில் மறுபடி தொடக்கத்திலிருந்துதான். தட்டம்மைத் தடுப்பூசியின் காவல் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் நிற்கிறது.

இரண்டும் ஒரே மனிதருக்கு, ஒரே நாளில், அடுத்தடுத்துத் தேவைப்படும் நோய் ஒன்று உண்டு. அது வெறிநாய்க்கடி. கடித்த நாயின் எச்சிலில் வைரஸ் இருந்தால், முதல் சில நிமிடங்களில் அது காயத்தின் தசையில்தான் கிடக்கிறது. இன்னும் எந்த நரம்புக்குள்ளும் போய்விடவில்லை. அது உறை உள்ள வைரஸ் என்பதால் சோப்பு அதைக் கிழிக்கும். ஆகவே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது சடங்கு அன்று. அந்த நேரத்தில் கிடைக்கக் கூடிய மிகச் சிறந்த மருத்துவமே அதுதான். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் என்று அப்பிவிட்டு வருகிறவர்கள் காயத்தைப் புண்ணாக்கி, கழுவ வேண்டிய நேரத்தையும் இழந்துவிடுகிறார்கள். ஆனால் கழுவுதல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல் இறங்கிய ஆழத்துக்கெல்லாம் சோப்பு எட்டாது. எஞ்சிய வைரஸ் நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறும். அதற்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதங்கள் ஆகும். இந்தத் தாமதம் நமக்குக் கிடைத்த பேறு. வைரஸ் தாக்கிய பிறகு தடுப்பூசி போட்டுப் பயன் பெறக் கூடிய மிகச் சில நோய்களில் இது ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி போடத் துணிந்ததும் இந்தத் தாமதத்தை நம்பித்தான்.

இன்று தோலுக்குள் போடும் முறையில் கடித்த நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாள்கள் எனத் தவணைகள் உள்ளன. தடுப்பூசியால் உடல் தன் எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், இரத்தம் வரும்படியான ஆழ்ந்த கடிகளுக்கு இடைக்காலக் காப்பாக, வேறோர் உடலில் தயாரான எதிர்ப்பொருளையே இம்யூனோகுளோபுலின் என்ற பெயரில் காயத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். சோப்பு நிமிடக் கணக்கையும், இம்யூனோகுளோபுலின் நாள் கணக்கையும், தடுப்பூசி அதன்பின் வரும் மாதங்களையும் பார்த்துக்கொள்கின்றன. இவற்றில் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று மற்றதை விட்டுவிட இயலாது. நோயின் அறிகுறி வெளிப்பட்டுவிட்டால் இவை எதுவும் பயன்படுவதில்லை. ஏறக்குறைய எல்லோருமே இறந்துவிடுகிறார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக அமையும் சிறிய இடமும் உண்டு. உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசியைப் போடும் முன் தோலில் ஸ்பிரிட் தடவினால், அது முற்றிலும் உலர்ந்த பின்னரே ஊசி இறங்க வேண்டும். தோலைக் கீறிப் போட்ட பழைய பெரியம்மைத் தடுப்பூசிக்கு ஆல்கஹாலே தடவக் கூடாது என்பது விதி, தடவினால் தடுப்பூசியில் உள்ள வைரஸே குலைந்துவிடும். செவிலியரின் ஐஸ் பெட்டியும் இதே அக்கறையில் பிறந்ததுதான். வைரஸின் வடிவமோ வலுவிழந்த உயிர்ப்போ கெடாமல் ஊசி முனைவரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் அவ்வளவு கண்டிப்பாகக் காக்கப்படுகிறது.

ஊர் முழுவதையும் எண்ணிப் பார்க்கும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. கிருமிநாசினி ஒரு பரப்பைக் காக்கும். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் போதிய அளவில் இருந்தால், போட்டுக்கொள்ள முடியாத பச்சிளங்குழந்தையையும் அது சேர்த்துக் காக்கும், ஏனெனில் வைரஸுக்கு அடுத்துத் தாவ ஆள் கிடைப்பதில்லை. மிக எளிதில் பரவும் தட்டம்மைக்கு இந்த அளவு 95 விழுக்காடு. பெரியம்மை 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதும், 2011க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் காட்டு வகைப் போலியோ தென்படாமல் போனதும் தடுப்பூசியால் ஆனவை. எத்தனை டன் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தாலும் எந்த வைரஸும் உலகிலிருந்து ஒழிந்திருக்காது. ஆயினும் கோழிகளின் எச்5என்1 பறவைக் காய்ச்சலுக்கு இந்தியா தடுப்பூசியை நாடவில்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகளை அழித்து, இடத்தைக் கிருமி நீக்கம் செய்வதே இங்குள்ள நடைமுறை. சோதனைச் சாவடித் தெளிப்பான்களுக்கு அவ்வளவு பொறுப்பு வந்து சேர்வது அதனால்தான்.

தடுப்பூசியே இல்லாத நோய் வந்தால் என்ன நடக்கும் என்பதை 2018 மே மாதத்தில் கோழிக்கோடு பேராம்பிரை பகுதியில் வெளிப்பட்ட நிபா காட்டியது. பழந்தின்னி வௌவால்களில் இயல்பாக வாழும் அந்த வைரஸ், மனிதரிடம் வந்தபின் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவர்களிடமும் மருத்துவமனைகளில் அருகில் இருந்தவர்களிடமும் பரவியது. உறை உள்ள வைரஸ் ஆகையால் சோப்பும் குளோரினும் ஆல்கஹாலும் அதைக் குலைத்துவிடும். ஆனால் அவை அனைத்தும் உடலுக்கு வெளியேதான். நோயாளியைத் தனிமைப்படுத்துதல், அவருடன் பழகியவர்களைத் தேடிக் கண்காணித்தல், பணியாளர்களின் முழு உடல் கவசம், வார்டின் தரையிலும் படுக்கையிலும் இடைவிடாத குளோரின் துடைப்பு ஆகியவற்றாலேயே அந்தப் பரவல் கட்டுக்குள் வந்தது. ஆய்வகத்தில் தயாரான எதிர்ப்பொருள் மருந்து ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டது என்றாலும், அது வந்து சேர்வதற்குள் பரவல் அடங்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகும் கேரளத்தில் நிபா பலமுறை தலைகாட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாடுகாணி, வாளையார், புளியரை வழியாக வருவோரிடம் காய்ச்சல் பரிசோதனை நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் நிபாவுக்கான தடுப்பூசி ஒன்றை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. அத்தகைய ஒன்று தேறிப் புழக்கத்துக்கு வரும்வரை, வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவையும் மாம்பழத்தையும் எடுத்து உண்ணாமல் இருப்பதும், நோயாளியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுவதும்தான் எல்லையின் இரு பக்கத்தாருக்கும் உள்ள காப்பு.